கரும்பாறைக் கரையில் கேட்டது

பிப்ரவரி 9, ஞாயிறு

ஜெஜு தீவில் என்னை முதலில் வரவேற்றது காற்றுதான். விமான நிலைய வாசலைத் தாண்டியதும் தலையிலிருந்த குல்லாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. நான் அதைத் துரத்திக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து "அப்பா, வா!" என்று ஒரு குழந்தை கத்தியது. குல்லாவை விட்டுவிட்டுத் திரும்பினேன். கொழுகொழுவென்று ஒரு கொரியப் பையன். டாக்ஸிக்கு நின்றிருந்த தன் அப்பனைத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

கொரிய மொழியிலும் அப்பாவுக்கு அப்பாதான், வாவுக்கு வாதான். இது எனக்குப் புதிதில்லை. வாசுகி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பாள். தெரிந்து என்ன செய்ய? கழுத்து என்னைக் கேட்காமல் திரும்புகிறது. டாக்ஸி ஏறுவதற்குள் இன்னும் இரண்டு மூன்று முறை திரும்பிவிட்டேன்.

விடுதிக்கு இந்த ஊரில் பென்ஷன் என்று பெயர். வேலையில் இருக்கும்போதே பென்ஷனுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் கடல். கரை நெடுகக் கன்னங்கரேல் என்று பாறை, அடுப்பில் தீய்ந்த பால் மாதிரி வழிந்து உறைந்து கிடக்கிறது.

வந்த காரியத்தை எழுதிவிடுகிறேன். வாசுகியும் நானும் பிரிந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. சண்டை போட்டுப் பிரியவில்லை. பேசாமல் இருந்தே பிரிந்தோம். பிறகு அவள் அதே கம்பெனியில் இன்ஜினியராக இருந்த கோ சங்மின் என்பவரைக் கட்டிக்கொண்டு, எங்கள் மகள் நறுமுகையோடு இந்தத் தீவுக்கு வந்துவிட்டாள். அவருக்கு இதுதான் சொந்த ஊர். மார்ச்சில் நறு ஒன்றாம் வகுப்பில் சேர்கிறாள். அதற்குள் சங்மின் அவளைச் சட்டப்படி தத்தெடுத்துத் தன் குடும்பப் பெயரைக் கொடுக்க வேண்டுமாம். அதற்குப் பெற்ற தகப்பன் சம்மதிக்க வேண்டுமாம். "நேர்ல வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வந்தது. ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. சில மாதங்களாக ஃபோனில் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஹலோ" என்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், "பை" என்கிறாள். அந்த ஒரு சொல்லை மட்டும் காணோம். அதை அவள் வாயால் கேட்டுவிட்டால் தலை நிமிர்ந்து மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விடுவேன். கேட்காவிட்டால் என்ன செய்வேன் என்று யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

வாசுகி வீட்டுக்குப் போனேன். ஆரஞ்சுத் தோட்டத்துக்கு நடுவில் வீடு. சுற்றிலும் இடுப்பளவுக்குக் கருங்கல் சுவர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பூச்சு கிடையாது, காற்று புகுந்து போகட்டும் என்று இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். எல்லாம் எரிமலை கக்கியது, தோண்டினால் அதுதான் வரும் என்றாள் வாசுகி.

நறு வாசலில் நின்றிருந்தாள். முன்பல் இரண்டு இல்லை. ஓடி வருவாள் என்று நான் மண்டியிட்டுக் கைகளை விரித்து வைத்திருந்தேன். அவள் இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்து, இடுப்பு வரைக்கும் குனிந்து வணக்கம் சொன்னாள். பிறகு, "வாங்க. உக்காருங்க," என்றாள்.

வாங்களாம். "டேய் அப்பா, குனிடா" என்று என் முதுகில் ஏறி வீடு முழுக்கச் சவாரி செய்தவள். இவ்வளவு மரியாதையை என் மாமனார்கூட எனக்குக் கொடுத்ததில்லை. விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஷூ கயிறு கட்டுவதுபோல நடித்தேன். நான் போட்டிருந்தது கயிறில்லாத ஷூ.

காஞ்சிபுரத்தில் வாங்கி வந்த பட்டுப்பாவாடையைக் கொடுத்தேன். கணுக்காலைத் தொட வேண்டியது முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மயிரிழை கூடக்குறைய இருந்தாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவன். பெற்ற பெண்ணின் உயரம் தெரியவில்லை. "பரவால்ல, டான்ஸ் ஆட நல்லா இருக்கும்," என்று நறு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். எனக்காகச் சொல்கிறாள் என்று தெரிந்தது. ஏழு வயதில் அடுத்தவர் மனசு நோகாமல் பேச யார் கற்றுக்கொடுத்தார்கள்?

கொட்டகையிலிருந்து சங்மின் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அண்ணா! சாப்டாச்சா?" தொழிற்சாலைப் பையன்களோடு பழகிக் கற்ற தமிழ். இந்த மனிதரை வெறுக்க வேண்டும் என்று விமானம் முழுக்கத் திட்டம் போட்டுக்கொண்டு வந்தவன், "ஆச்சுங்க" என்று பதில் சொல்லித் தொலைத்தேன்.

அவருக்கு இப்போது வேறு தொழில். மேடு, பள்ளம், பாறை எதிலும் ஏறிப்போகிற திறந்த வண்டிகள் வைத்திருக்கிறார். கூரைக்குப் பதில் இரும்புக் குழாய்ச் சட்டம். சுற்றுலா வருகிறவர்கள் ஓட்ட, இவர் முன்வண்டியில் வழிகாட்டியாகப் போய் எரிமலைக் கரை முழுக்கச் சுற்றிக்காட்டி அழைத்து வருவார். அந்த வண்டிக்குப் பெயர் பக்கி. "என் பக்கி பாருங்க அண்ணா. நல்ல பக்கி," என்று ஆசையாகத் தட்டிக் காட்டினார். எங்கள் பக்கம் பக்கி என்றால் திட்டு என்று வாசுகி இத்தனை நாளில் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. எனக்கும் சிரித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டாமா?

நறுமுகை கோ. அவர் குடும்பப் பெயரை ஒட்டி மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

கிளம்பும் முன் நடந்ததையும் எழுதிவிட வேண்டும். நறு உள்ளறையிலிருந்து "அப்பா" என்று கூப்பிட்டாள். நான் "ம்" என்று எழுந்தேன். சங்மினும் "ம்" என்று எழுந்தார். அவள் கதவருகே வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன வேண்டுமென்று யாரிடமும் சொல்லாமல் அம்மாவிடம் போய்விட்டாள். யாரைக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. எந்த மொழியில் கூப்பிட்டாள் என்றுகூடத் தெரியாது. அப்புறம் நான் இருந்தவரை அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலுறைகளைத் துவைத்துக் குளியலறைக் குழாயில் காயப்போட்டேன். வெளியே போட்டால் ஜப்பானில் போய்த்தான் எடுக்க வேண்டும் என்கிறாள் பென்ஷன்காரம்மா, கைஜாடையில்.

மாலையில் நறுவுக்கு வடுமாங்காய் எடுத்துக்கொண்டு போனேன். முன்பெல்லாம் ஜாடிக்குள் கையை விடுவாள். இன்று முகர்ந்து பார்த்துவிட்டு "அன் மொகொ" என்று உதட்டைப் பூட்டிக்கொண்டாள்.

"'அன்'னு சொன்னா இல்ல, மாட்டேன்னு அர்த்தம்," என்றாள் வாசுகி. "சாப்பிட மாட்டேன்கறா. எந்த வார்த்தைக்கு முன்னாடி 'அன்' போட்டாலும் அது இல்லன்னு ஆயிடும்."

கொரிய மொழியில் நானாகக் கற்ற முதல் சொல். வந்த காரியத்துக்கு வேண்டியதும் அதுதான். திரும்பி வரும்போது கடலோரமாகச் சொல்லிப் பழகினேன். அன். அன். அன்.

"எப்ப சொல்லப் போறீங்க?" என்று வாசுகி கேட்டிருந்தாள். "கெளம்பறதுக்குள்ள சொல்றேன்," என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான். ஒருவர் பேச்சை நிறுத்தினால் மற்றவரும் நிறுத்திக்கொள்வோம்.

பிப்ரவரி 12, புதன்

பேய்க்காற்று. வண்டிகள் கிளம்பவில்லை. காலுறை காயவில்லை. நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வடுமாங்காயை நானே தின்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

கூப்பிட்டுவிட்டாள்!

எழுத்து கோணுகிறது, போகட்டும். முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் காற்று அடங்கி வெயில் வந்தது. சங்மின் ஃபோன் செய்தார். "அண்ணா, இன்னிக்கு டூர் வாங்க. நீங்க பக்கி ஓட்டுங்க. நறு உங்க பக்கத்துல." முன்வண்டியில் அவரும், புதிதாகக் கல்யாணமான ஒரு சியோல் ஜோடியும். பின்வண்டியில் நானும் நறுவும். அவளுக்குச் சின்னத் தலைக்கவசம், மஞ்சள் நிறம். பெல்ட்டை நான் மாட்டினேன், மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். சங்மின் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். "முன் வண்டி தடத்துலயே வாங்க அண்ணா. வேற எடத்துல கல்லு கத்தி மாதிரி."

தோட்டச் சுவர்களுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சரிவில் இறங்கினால் திடீரென்று கடல். அந்தக் கரையைப் பார்த்தபிறகு மெரினாவைக் கரை என்று சொல்ல வாய் வராது. கறுப்புப் பாறை தளம் தளமாகக் கடலுக்குள் இறங்குகிறது. சில இடத்தில் கயிறு திரித்த மாதிரி முறுக்கு, சில இடத்தில் பணியாரம் மாதிரி ஓட்டை. ஒரு செங்குத்துச் சரிவு முழுக்க ஆறு பக்கத் தூண்கள், நட்டும் போல்ட்டும் அடுக்கி வைத்த கிடங்கு போல. என் தொழில் புத்தி, அளவெடுக்கக் கை பரபரத்தது.

ஒவ்வொரு இடத்திலும் சங்மின் வண்டியை நிறுத்தி, அந்த ஜோடிக்குக் கொரிய மொழியில் சொல்லி முடித்துவிட்டு, எனக்காகப் பின்னால் நடந்து வந்து தமிழில் சொன்னார்.

"மலை வாந்தி எடுத்துச்சு அண்ணா. நெறைய. சூடு. ஓடி ஓடி ஓடி வந்துச்சு. இங்க கடல் ஸ்டாப் சொல்லுச்சு."

"அப்புறம்?"

"அப்பறம் ஒண்ணும் இல்ல. ஸ்டாப் ஆன எடத்துலயே நிக்குது."

நான் அந்தப் பாறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நறு என் பக்கத்தில் நின்று அதே விளக்கத்தைக் கொரிய மொழியில் தனக்குத்தானே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஓடி வரும் குழம்புக்கு ஒரு கை, கடலுக்கு ஒரு கை. சங்மின் கையை எப்படி வீசுகிறாரோ அச்சு அசல் அப்படியே வீசினாள். என் கை அவளுக்கு வரவில்லை. நான் பேசும்போது கையை ஆட்டுகிறவனும் இல்லை.

பிறகு தட்டையான பாறைத்தளம். நறு பேச ஆரம்பித்தாள். என்னிடம்தான், தமிழில்தான். "அதோ பாருங்க, ஆமைக் கல்லு. அது பக்கத்துல அதோட குட்டி." நான் ஆமையைப் பார்க்கவில்லை, குட்டியையும் பார்க்கவில்லை. பேசுகிற அவள் வாயைப் பார்த்தேன். தடத்தைப் பார்க்க வேண்டியவன். இடது சக்கரம் ஒரு வரப்பில் ஏறித் தொப்பென்று இறங்கியது.

"அப்பா!"

பிரேக்கை மிதித்தேன். அவள் குழாய்ச் சட்டத்தைப் பிடித்திருந்த கை பெல்ட் கொக்கியில் மோதி நடுவிரல் நசுங்கியிருந்தது. விரலை மார்போடு அணைத்துக்கொண்டு "அப்பா... அப்பா... அப்பா..." என்று அழுதாள். அழுகையில் மூச்சு இறைத்து, அந்தச் சொல் காற்றும் குரலுமாக வந்தது. பெல்ட்டைக் கழற்றி அள்ளிக்கொண்டேன். விலகவில்லை. தலைக்கவசம் என் தாடையில் இடிக்க இடிக்க, என் தோளில் முகத்தை வைத்து, என் சட்டையை நனைத்துக்கொண்டு, அதே சொல். நான் "இருக்கேன்டா, அப்பா இருக்கேன்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அடிபட்டு அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்ட தகப்பன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது சந்தோஷம்தான்.

சங்மினும் இறங்கி ஓடினார். ஆனால் அவளிடம் வரவில்லை. தன் வண்டிக்குப் பின்னால் போய் மருந்துப் பெட்டியைத்தான் முதலில் எடுத்தார். நான் பிள்ளையிடம் ஓடினேன், அவர் பெட்டியிடம் ஓடினார். யார் அப்பன் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? விரலில் குளிர்ச்சி மருந்து அடித்து, மெல்லக் கட்டுப் போட்டார். திரும்பி வரும்போது நறு முன்வண்டியில் உட்கார்ந்தாள். பரவாயில்லை. எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அங்கேயே இருந்தேன். நறு தூங்கப் போனதும் சொல்லிவிட்டேன். "வாசுகி, என்னால முடியாது. பேரு மாத்த வேணாம். வலிக்கும்போது அவ என்னைத்தான் கூப்பிட்டா. அப்பா அப்பான்னு அழுதா. நான் இன்னும் அவளுக்கு அப்பாதான்."

வாசுகி சட்டென்று சங்மினைப் பார்த்தாள். அவர் கொரிய மொழியில் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் எழுந்து அடுப்பைத் துடைக்கப் போனாள். சுத்தமாக இருந்த அடுப்பைத் துடைத்தாள். சங்மின் தட்டைப் பார்த்துக்கொண்டு, "சரி அண்ணா," என்றார். தோற்றவர் முகம். பாவமாகத்தான் இருந்தது.

ஊரில் தங்கைக்குச் செய்தி அனுப்பினேன்: 'அப்பான்னு கூப்ட்டா.'

பிப்ரவரி 14, வெள்ளி

நறுவின் விரல் வீங்கிவிட்டது என்று சங்மின் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் வந்தே தீருவேன் என்று ஏறிக்கொண்டேன். வாசுகிக்கு வேலை.

டாக்டர் வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். படம் எடுத்துப் பார்த்தார். பிறகு நறுவின் விரலைத் தொட்டு, அவள் முகத்தைப் பார்த்து, "அப்பா?" என்று கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். "ஐ ஆம். அப்பா. மீ."

டாக்டர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுச் சற்றுக் கீழே அழுத்தினார். "யொகி அப்பா?" அவர் சங்மினைப் பற்றிக் கேட்கிறார், இவரா அப்பா என்கிறார் என்று எனக்குப் பட்டது. விடுவேனா? நாற்காலியை விட்டு எழுந்து நெஞ்சில் கைவைத்து, "நோ நோ, அப்பா மீ," என்றேன்.

நறு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு டாக்டரிடம் மெதுவாக, தெளிவாகச் சொன்னாள்: "அன் அப்பா."

அன். எதற்கு முன்னால் போட்டாலும் இல்லை என்று ஆகிவிடும்.

நான் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். டாக்டர் மணிக்கட்டை அழுத்தி மறுபடி கேட்டார், நறு மறுபடியும் அதையே சொன்னாள். அன் அப்பா. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். அப்போதுதான் சங்மின் என் முழங்கையைத் தொட்டார்.

"அண்ணா." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "டாக்டர் உங்களக் கேக்கல. வலி கேக்கறார். கொரியால வலின்னா... அப்பா. கொஞ்சம் வேற மாதிரி சவுண்ட். யொகின்னா இங்க. 'இங்க வலிக்குதா?' நறு 'வலிக்கல' சொல்றா."

நேற்று பாறைமேல் அவள் அழுதது ஒவ்வொன்றாகக் காதில் திரும்ப வந்தது. வலிக்குது. வலிக்குது. வலிக்குது. நான் பதிலுக்கு, இருக்கேன்டா, இருக்கேன்டா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் சரியான இடத்துக்குத்தான் ஓடியிருக்கிறார்.

எலும்பு முறியவில்லை. விரலுக்கு ஒரு தகடு வைத்துக் கட்டினார்கள். வெளியே வந்து, நறு வண்டிக்குள் ஏறியபிறகு கேட்டேன். "நேத்தே தெரியும் இல்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"வாசுகிக்கும்?"

"தெரியும். நான்தான் சொல்லாத சொன்னேன்."

"ஏங்க? நான் முடியாதுன்னு சொல்லிட்டேன். அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் வார்த்தை தேடினார். "நீங்க சிரிச்சீங்க அண்ணா. வந்த நாள்லேந்து சிரிக்கல. நேத்து நல்லா சிரிச்சீங்க."

இந்த மனிதரை வெறுக்க எனக்கு இனி வழியே இல்லை. தங்கைக்கு அனுப்பிய செய்தியை அழிக்கலாமா என்று பார்த்தேன். அவள் அதற்குள் அதை எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அனுப்பியிருந்தாள். சித்தப்பா கைகூப்பும் படம் போட்டிருந்தார்.

பிப்ரவரி 15, சனி

காலையில் நறுவுடன் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன், அவளுக்கு ஒரு கை முடியாதே. எனக்கு அந்த இரண்டு சொல்லையும் சொல்லிக்கொடு என்றேன். அவள் டீச்சர் ஆகிவிட்டாள்.

இரண்டையும் சொன்னாள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது. மறுபடி சொன்னாள். உதட்டையே உற்றுப் பார்த்தேன், பயனில்லை. "நீங்க காது சரியா வெக்கல," என்று அலுத்துக்கொண்டு, என் உள்ளங்கையை இழுத்துத் தன் வாய்க்கு நேராகப் பிடித்தாள். ஒரு சொல்லுக்குக் கையில் காற்று பட்டது. அது வலி. இன்னொன்றுக்குக் காற்றே வரவில்லை. அது அப்பா.

உள்ளங்கைக்கு உடனே புரிந்துவிட்டது. மறுபடி, மறுபடி என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சலிக்காமல் சொன்னாள். பாடத்துக்காகச் சொன்னது, கூப்பிட்டதாகக் கணக்கில் வராது என்று தெரியும். தெரிந்துதான் கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏன் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடறதில்ல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்காமல் ஊருக்குப் போயிருந்தால் செத்திருப்பேன்.

அவள் ஆரஞ்சுச் சுளையின் நாரைப் பல்லால் இழுத்தாள். "கூப்ட்டா ரெண்டு பேரும் வர்றீங்க. ஒருத்தர் திரும்பிப் போகணும். அது எனக்குப் பிடிக்கல."

அடுத்த சுளையின் நாரை நானே எடுத்துக் கொடுத்தேன்.

சங்மின் கொட்டகையில் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கடலுப்பு இரும்பை அரித்துவிடுமாம், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டுமாம். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பின்வண்டியைத் துடைத்தேன். அவள் விரல் நசுங்கிய கொக்கியை இரண்டு தடவை துடைத்தேன்.

"சங்மின், எனக்குச் சம்மதம். வக்கீலை வரச்சொல்லுங்க, நாளைக்குக் கெளம்பறதுக்குள்ள முடிச்சிடலாம்."

அவர் குழாயை மூடினார். "அண்ணா, வேணாம். நீங்க கோவத்துல..."

"கோவம் இல்லைங்க. அவளுக்கு எந்த பாஷையில வலிக்குதோ அது தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கணும். எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுது."

"பேர் மட்டும்தான் நான். அப்பா நீங்க."

"பேரு மட்டும்னா எதுக்கு? முந்தாநாள் ஓடினீங்களே, அந்த மாதிரி ஓடணும்."

"ஓடறேன்," என்றார். கண்ணைத் துடைத்தார், கையிலிருந்த சோப்பு கண்ணில் பட்டு இன்னும் மோசமாயிற்று. நான்தான் தண்ணீர் ஊற்றிவிட்டேன். மதியம் வக்கீல் வந்தார், கையெழுத்துப் போட்டேன், முடிந்தது. வாசுகி எனக்குப் பிடிக்கும் என்று வத்தக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடும்போது, "நீங்க இப்படிப் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாது," என்றாள். எனக்கும்தான் தெரியாது.

பென்ஷனுக்கு வந்து பெட்டியைக் கட்டினேன். அழுதேன் என்று எழுத என்ன இருக்கிறது, அழுதேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சிங்கப்பூரில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கிறேன்.

மூவரும் விமான நிலையத்துக்கு வந்தார்கள். வாசுகி வழியில் சாப்பிடப் பொட்டலம் கொடுத்தாள். சங்மின் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குனிந்தார். நறு கட்டுப்போட்ட விரலை நீட்டிக்கொண்டு, மற்ற கையை வயிற்றில் வைத்து, அதே போல இடுப்பு வரை குனிந்தாள். "போயிட்டு வாங்க." நான் அவள் தலையில் கைவைத்துவிட்டு நடந்தேன்.

சோதனை வரிசை வளைந்து வளைந்து போனது. விடுமுறை முடிந்து திரும்பும் கூட்டம். எங்கே பார்த்தாலும் பிள்ளைகள், எங்கே பார்த்தாலும் அந்தச் சொல். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டேன். இனி திரும்புவதில்லை என்று ஒரு முடிவு. அந்தச் சொல்லை நேற்றுத்தான் ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

என் முறை வருவதற்கு இரண்டு பேர் இருக்கும்போது அது கேட்டது. தொண்டை கிழியும்படி.

"அப்பா!"

திரும்பிவிட்டேன்.

நறு தடுப்புக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து பாதி தூரம் வந்திருந்தாள். முகம் கோணி, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. கட்டுப்போட்ட கை மார்போடு இருந்தது. கயிற்றுக் கம்பத்தில் விரலை இடித்துக்கொண்டாளா? என் காது அந்த இரண்டையும் பிரிக்காது. உள்ளங்கையை நீட்டிப் பார்க்க அவள் எட்டவும் இல்லை. வலிக்கிறதா, என்னைத்தானா? என்ன சொல்லிப் பதில் கொடுப்பது?

அப்போது சங்மினைப் பார்த்தேன். அவருக்குத்தான் வித்தியாசம் தெரியுமே. வலி என்றால் இந்நேரம் அவர் அவள் பக்கத்தில் மண்டிபோட்டிருப்பார். அவர் ஓடவில்லை. அவள் விரலைப் பார்க்கவில்லை. "ம்" என்று சொல்லவும் இல்லை. கைகளைத் தொங்கவிட்டபடி, கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டாமா என்பதுபோல, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வரிசையைத் தள்ளிக்கொண்டு திரும்பி ஓடினேன். "என்னம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் அந்தக் கூடத்திலிருந்த அப்பாக்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.